தும்பைக்கு ஒரு வருஷம்தான்!

“பஸ் பிடிச்சு இவ்ளோ தூரம் கூட்டிட்டு வந்தது இந்தக் களைச்செடியைக் காட்டவாடா?”

நண்பன் கடுப்பானதில் தப்பே இல்லை. மதுரையிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், மேலூர் பக்கம் அரிட்டாபட்டி. ஏழு குன்றுகள், பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், தமிழ் பிராமிக் கல்வெட்டு எல்லாம் பார்த்துவிட்டு அடிவாரத்தில் உட்கார்ந்தோம். கார்த்திகை மழை விட்ட நேரம். புதர்க்காட்டு ஓரம் முழுக்க முழங்கால் உயரத்துக்குத் தும்பை. ‘தும்பைப்பூ மாதிரி வேட்டி’ன்னு தாத்தா சொல்வாரே, அந்த வெள்ளை!

“பூவைப் பறிச்சு அடியை உறிஞ்சிப் பாருங்கய்யா” என்றார் ஆடு மேய்த்த பாட்டி. துளியூண்டு தேன். நண்பன் முகம் கொஞ்சம் மாறியது.

“கோடையில வந்தா ஒரு செடிகூட இருக்காது. எல்லாம் காஞ்சிரும்” என்றார்.

“அப்புறம் எப்படிப் பாட்டி?”

“வெதை மண்ணுல கெடக்கும்ல? மழை வந்து எழுப்பிவிடும்.”

மேட்டர் இதுதான் ஃப்ரெண்ட்ஸ்... தும்பை ஓராண்டுச் செடி. மரம் மாதிரி பழைய வேரிலிருந்து துளிர்க்காது. அடுத்த வருஷப் பூ மொத்தமும் இந்த மேல்மண்ணில் கிடக்கும் விதைக்குள்தான் இருக்கு. மண்ணைச் சுரண்டினா, கதை க்ளோஸ்!

அது நடக்கவும் பார்த்தது. 2022-ல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. 2024-ல் டங்ஸ்டன் சுரங்கத்துக்காக ஏலம் விட்ட பரப்புக்குள் இதுவும் சிக்கியது. ஊர் ஊராகத் திரண்டார்கள். 2025 ஜனவரி 7-ல் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். அதே மாதம் 23-ம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

“நானும் போனேன்ய்யா. முட்டி வலிதான் இன்னும் போகல” என்று சிரித்தார் பாட்டி.

பரீட்சைக்கு மனப்பாடம் செய்த தும்பைத் திணை ஞாபகம் வந்தது. போருக்குப் போகிறவர்கள் சூடிய பூ. சும்மாவா சூடினார்கள்!

கிளம்பும்போது கவனித்தேன். ‘களை’ன்னு சொன்னவன், ஒரு செடியையும் மிதிக்காமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்து நடந்துகொண்டிருந்தான்.