மூளைக்கு ஒரு பைபாஸ்

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்துப் பாருங்கள். லேசாகத் துடிக்கும். தலைத்தோலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அது. அதைப் பிரித்தெடுத்து, மண்டையோட்டில் சின்னத் துளையிட்டு, மூளையின் ரத்தக்குழாயோடு தைத்துக் காட்டியவர் காஸி யாஸர்கில். துருக்கியில் பிறந்து, சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் பணியாற்றியவர்.

இதய பைபாஸ் நமக்கு அத்துப்படி. தெருவுக்கு ஒருவராவது செய்துகொண்டிருப்பார். மூளைக்கும் உண்டு என்றால்தான் ஆச்சரியப்படுகிறோம்.

யாஸர்கிலுக்கு அப்போது நாற்பது வயது. கைதேர்ந்த மூளை அறுவை மருத்துவர். ஆனாலும் 1965-ல், மாணவரைப் போல அமெரிக்காவின் பர்லிங்டனுக்குப் போனார். அங்கே டாக்டர் டொனகியின் ஆய்வுக்கூடத்தில், மைக்ராஸ்கோப்பில் பார்த்தபடி, நாய்களின் மூளையில் ஒரு மில்லிமீட்டர் குழாய்களைத் தைத்துப் பழகினார். தலைமுடியைவிட மெல்லிய நூல். கை துளி நடுங்கினாலும் குழாய் கிழிந்துவிடும். தையல் பிசகினால் உள்ளே ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஒரு வருடத்துக்கு மேல் இதே வேலை. ஊர் திரும்பியவர், 1967 அக்டோபர் 30 அன்று முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அதைச் செய்தார். மறுநாளே பர்லிங்டனில் டொனகியும் செய்தார்.

முறை பல நாடுகளுக்கும் பரவியது. பக்கவாதத்தைத் தடுத்துவிடலாம் என்று நம்பினார்கள். பிறகு 1,377 நோயாளிகளை வைத்துச் சோதித்தார்கள். 1985-ல் முடிவு வந்தது. தைத்த குழாய்களில் பெரும்பாலானவை நன்றாகவே திறந்திருந்தன. ஆனால், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களைவிட இவர்களுக்குப் பக்கவாதம் குறையவில்லை! அவ்வளவு பாடுபட்டுப் பழகிய கைகளுக்கு அது எப்படி இருந்திருக்கும்? ஆனாலும் சோதித்துப் பார்த்ததுதான் சரி. மண்டையைத் திறக்கும் விஷயத்தில் நம்பிக்கை மட்டும் போதுமா?

அதன்பின் அடைப்புள்ளவர்களுக்கெல்லாம் இதைச் செய்வது வெகுவாகக் குறைந்தது. ஆனால் முறை ஒழிந்துவிடவில்லை. 'மொயாமொயா' என்றொரு நோய் இருக்கிறது. மூளைக்குப் போகும் பெரிய குழாய்கள் மெல்ல மெல்லச் சுருங்க, ஈடுகட்ட நுண்ணிய குழாய்கள் கொத்தாகக் கிளம்பும். படத்தில் புகைபோலத் தெரிவதால் ஜப்பானியர் வைத்த பெயர் இது. குழந்தைகளையும் தாக்கும். சூடான நூடுல்ஸை ஊதி ஊதித் தின்னும்போதோ, தேம்பி அழும்போதோ திடீரென ஒரு கை சோர்ந்து விழும். சற்று நேரத்தில் சரியாகிவிடும். அடம் பிடிக்கிறது என்று பெற்றோர் நினைத்துவிடக்கூடும்.

இந்தக் குழந்தைகளுக்கு அந்தக் காதோரக் குழாய் இன்றும் கைகொடுக்கிறது. பல நேரங்களில் தைக்கக்கூட வேண்டியதில்லை. மூளையின் மேல் படியும்படி வைத்து மூடிவிடுகிறார்கள். சில மாதங்களில் அதிலிருந்து புதுக் குழாய்கள் தாமாகவே மூளைக்குள் இறங்கிவிடுகின்றன.