எந்த எந்திரத்தில் எந்த நிரல்

பீலெஃபெல்ட்டைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் மென்பொருள் பெரும்பாலும் இரும்போடு சேர்ந்தே வேலை செய்கிறது. கியூட்டர்ஸ்லோவில் மீலெ, ஃபெர்லில் பெக்ஹோஃப், டெட்மோல்டில் வைட்மூலர் என எந்திரமும் கட்டுப்பாட்டுக் கருவியும் செய்கிற ஊர்கள் இவை. நானும் இங்கே பேக்கிங் எந்திரங்களுக்கு நிரல் எழுதும் குழுவில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்கள் நிரலின் பதிப்புகளைக் காக்கும் கருவி "கிட்டா, சப்வெர்ஷனா?" என்று கேட்பார்கள். எழுதும் நிரல் எங்கே போய் ஓடும், எத்தனை வருஷம் ஓடும் என்பதைத்தான் நான் முதலில் பேசுவேன்.

இணையதளத்தில் ஓடுவது ஒரே பதிப்பு. எந்திரத்தோடு ஆலைக்குள் போன பதிப்போ பல வருஷம் அங்கேயே ஓடும். 2010இல் வின்சென்ட் ட்ரீசன் எழுதிய கிட்-ஃப்ளோ என்ற கிளை பிரிக்கும் முறையை இணையக் குழுக்கள் பலவும் அப்படியே எடுத்துக்கொண்டன. இடைவிடாமல் வெளியிடும் குழுக்கள் எளிய முறைக்குப் போகலாம், பல பதிப்புகளைத் தாங்குகிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தலாம் என்று 2020இல் அவரே குறிப்புச் சேர்த்தார். நாங்கள் இரண்டாம் வகை. ஆனாலும் அந்த முறையில் உள்ள டெவலப் என்ற தனிக் கிளை எங்களுக்குத் தேவைப்படவில்லை. எல்லாரும் மெயின் என்ற முதன்மைக் கிளையில் சேர்க்கிறோம். எந்திரம் கிளம்பும்போது அதிலிருந்து ரிலீஸ் கிளை பிரிக்கிறோம். பிழைத் திருத்தம் முதலில் மெயினுக்கு, பிறகு அதை மட்டும் செர்ரி-பிக் செய்து ரிலீஸுக்கு. இந்த வரிசையை நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. ரிலீஸ் கிளையில் மட்டும் திருத்தினால் அடுத்த பதிப்பில் அதே பிழை திரும்பி வரும், ஆலையின் ஷிஃப்ட் ஆட்கள் தலையில் விடியும்.

சிக்கல், எந்திரக் கட்டுப்பாட்டு நிரலைப் படமாக வரையும் லேடர் மொழியில்தான். அதே வேலைக்கான ஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் மொழி வெறும் எழுத்து என்பதால் கிட் நன்றாக இணைக்கும். லேடர் படமோ உள்ளே எக்ஸ்எம்எல். ஒரு காண்டாக்டை நகர்த்தினாலே பல வரிகள் மாறும். இருவர் ஒரே இடத்தைத் தொட்டபின் வரும் மெர்ஜை நம்பி, ஆள் கை வைக்கிற எந்திரத்தை ஓட்ட முடியாது. மூத்தவர்கள் சப்வெர்ஷனைப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு ஒருவர் திருத்தும் கோப்பை மற்றவர் மாற்றாமல் தடுக்கும் அதன் பூட்டுதான் காரணம், நியாயமான காரணமும்கூட. லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டை எழுதிய அதே 2005இல்தான் சப்வெர்ஷனுக்குப் பூட்டு வந்தது. கிட்டின் நீட்சியான கிட் எல்எஃப்எஸ்ஸுக்கு 2017இல். அந்த வசதி வந்தபின் தயக்கமின்றி கிட்டுக்கு வரலாம். படங்களுக்குப் பூட்டு, மற்றதற்கெல்லாம் மெர்ஜ்.

பழைய பதிப்புகளைத் தாங்கும்படி இப்போது சட்டமும் கேட்கிறது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயம். பொதுவாகக் குறைந்தது 5 ஆண்டுகள் பாதுகாப்புத் திருத்தம் தர வேண்டும். அதற்கு எந்த எந்திரத்தில் எந்த கமிட் ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதனால் கமிட் எண்ணை ஆபரேட்டர் திரையிலேயே காட்டுகிறோம். சர்வீஸ்காரர் போனில் படித்துச் சொன்னால் போதும். அந்த எண் இல்லாத பழைய எந்திரங்களுக்குப் போகிறவர்கள், ஓடும் நிரலை இறக்கிக்கொண்டு வருகிறார்கள். அதைக் கிட்டில் உள்ள வரலாற்றோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாக டேக் போட்டுவருகிறோம்.