விளாவிய வெந்நீர்

2019-இல் ஒரு பத்திரிகைக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதினேன். ஜப்பானில் நொசாவா ஒன்சென் என்கிற மலையூரின் வெந்நீர்க் குளியலைப் பற்றியது. அதில் ஒரு பத்தி வரும். கால் வைத்தால் தோல் கழன்றுவிடும் போலிருந்த சூட்டைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்து, கழுத்தளவு தண்ணீரில் இறங்கி, ஊர்ப் பெரியவர்களோடு பேசாமல் உட்கார்ந்திருந்தேன் என்று எழுதியிருந்தேன். படித்தவர்கள் பலரும் அந்தப் பத்தியைத்தான் எடுத்துச் சொன்னார்கள். வீட்டில் என் அப்பா அதை இரண்டு முறை சத்தமாக வாசித்தார்.

அந்தப் பத்தி பொய். நடந்ததை இப்போது எழுதுகிறேன்.

அப்போது டோக்கியோவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். 2018 தீபாவளி, நவம்பர் 6, செவ்வாய்க்கிழமை வந்தது. ஊருக்கு வர வழியில்லை. வாடகை அறையின் குளியல் தொட்டியில் தீபாவளியைக் கழிக்க மனம் வரவில்லை. அன்று விடியற்காலை நல்ல வெந்நீரில் தலை முழுகினால் போதும் என்று தோன்றியது. நான்கு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, ஷின்கான்சென் ரயிலில் ஈயாமா வரை போய், அங்கிருந்து 25 நிமிஷம் பஸ்ஸில் மலையேறி நொசாவாவுக்குப் போய்ச் சேர்ந்தேன்.

பனிக்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்கள் வந்து நிறைகிற ஊர் அது. நவம்பர் தொடக்கத்தில் பனியும் இல்லை, கூட்டமும் இல்லை. சரிவான சந்துகள், மர வீடுகள், வாய்க்கால் மூடிகளின் இடுக்கு வழியாகக் கிளம்பும் ஆவி, லேசான கந்தக வாடை. இரவு ஏழு மணிக்கெல்லாம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஊரின் மேட்டில் ஓகாமா என்றொரு இடம் இருக்கிறது. தொண்ணூறு டிகிரிச் சூட்டில் தண்ணீர் கொதித்து வெளிவரும் கல் தொட்டிகள். அங்கேதான் ஊர்ப் பெண்கள் முட்டையும் கீரையும் அவிக்கிறார்கள். முற்காலத்தில் சணல் தண்டுகளை ஊறவைத்து நார் உரித்தார்களாம். எழுத்தில் அதன் பெயருக்குச் சணல் கொப்பரை என்று பொருள். அவர்களுக்கு அது அடுப்படி. வெளியூர்க்காரர்கள் உள்ளே வரக்கூடாது என்று தடுப்புக் கட்டி எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் வெளியே கைகட்டி நின்று வெகுநேரம் பார்த்தேன். படம் எடுக்கலாமா என்று ஒரு பாட்டியிடம் கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். தடுப்பு இருந்த இடத்தில் மிக நல்லவனாக இருந்தேன் என்பதை இங்கே குறித்துவைக்க வேண்டும், ஏனென்றால் மறுநாள் நான் போன இடத்தில் தடுப்பு எதுவும் இல்லை.

அந்த ஊரில் 13 பொதுக் குளியலறைகள் உண்டு. சொதோயு என்பார்கள். சின்னச் சின்ன மரக் கட்டடங்கள். பெரியது ஓயு, ஊர் நடுவில், கோயில் மண்டபம் போன்ற கூரையோடு நிற்கும். நோய் தீர்க்கும் புத்தரான யகுஷியும் அவருடைய பன்னிரண்டு காவல் வீரர்களும் இந்தக் குளியலறைகளைக் காப்பதாக நம்பிக்கை. கதவுக்குப் பூட்டு இல்லை. டிக்கெட் கொடுக்க ஆளில்லை. யாரும் உள்ளே போகலாம், கட்டணம் கிடையாது. வாசலில் கோயில் உண்டியல் போல ஒரு பெட்டி இருக்கும். மனம் இருந்தால் காசு போடலாம். உள்ளே ஆண்களுக்கு ஒன்று பெண்களுக்கு ஒன்று என இரண்டு அறைகள். உடை மாற்றத் தனி இடம்கூடப் பல இடங்களில் இல்லை. சுவரோரம் உள்ள மரத் தட்டில் துணியைக் கழற்றி வைத்துவிட்டு, இரண்டு எட்டு வைத்தால் தொட்டி.

துணியில்லாமல் பிறர் முன்னால் நிற்க எனக்குக் கூச்சம். ஆறு அண்ணன் தம்பிகளோடு கிணற்றில் குதித்து வளர்ந்தவன்தான், ஆனாலும் இடுப்பில் ஒரு துண்டு எப்போதும் இருக்கும். அதனால் ஆளில்லாத நேரமாகப் பார்த்தேன். நவம்பரில் காலை ஐந்து மணிக்கே திறந்துவிடுவார்கள். தீபாவளிக் குளியலுக்கும் அதுதான் நேரம். ஐந்தடித்துச் சில நிமிஷங்களில், நான் தங்கியிருந்த விடுதிக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த சின்னக் குளியலறைக்குப் போனேன். ஒருவரும் இல்லை. நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியில்தான் எல்லாம் தொடங்கியது. ஆள் இல்லை என்றால் கேட்கவும் ஆள் இல்லை என்பது எனக்குத் தோன்றவில்லை.

தண்ணீரை மொண்டு உடம்பில் ஊற்றிக்கொள்ளப் பார்த்தேன். கை சுட்டது. கால் விரலை வைத்தேன், எடுத்துவிட்டேன். நாலைந்து பேர் உட்காரக்கூடிய தொட்டி. ஒரு மூலையில் மரக் குழாய் வழியாக ஊற்று நீர் விழுந்துகொண்டிருந்தது, மறுபக்கம் விளிம்பு தாண்டி வழிந்து ஓடியது. சுவரில் பச்சைத் தண்ணீர்க் குழாய் இருந்தது, அதில் ஒரு ரப்பர் ஹோஸ். நம் வீடுகளில் வெந்நீர் விளாவாமல் யார் குளிக்கிறார்கள்? அம்மா அண்டாவில் கைவிட்டுப் பார்த்துப் பார்த்து ஊற்றுவாள். ஹோஸைத் தொட்டிக்குள் போட்டு, குழாயை முழுக்கத் திறந்தேன்.

ஐந்து நிமிஷம். போதவில்லை. பத்து நிமிஷம். இன்னும் சூடு. கால் மணி நேரம் ஆனபின் இடுப்பு வரை இறங்க முடிந்தது. குழாயை அப்படியே ஓடவிட்டுக் கழுத்துவரை அமிழ்ந்தேன். அம்மாவை நினைத்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று சரியாகத் தெரியாது. அரை மணிக்குக் குறையாது. வெளியே வந்து உடம்பு துடைக்கும்போதும் தண்ணீர் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அப்போது கதவு நகர்ந்தது. எண்பது வயது இருக்கும் அவருக்கு. கையில் சிறிய பிளாஸ்டிக் வாளி, தோளில் துண்டு. காலை வணக்கம் சொன்னார். நானும் சொன்னேன். துணியைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, தொட்டியோரம் குந்தி, வாளியில் மொண்டு தோளில் ஊற்றினார். அப்படியே நின்றுவிட்டார். இன்னொரு முறை தண்ணீருக்குள் கையை முழங்கை வரை விட்டார். பிறகு எழுந்து போய்க் குழாயை மூடினார். ஹோஸைச் சுருட்டி ஆணியில் மாட்டினார். என்னைப் பார்க்கவில்லை. இறங்கவும் இல்லை. நனைந்த துண்டை முதுகில் போட்டுக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஊற்று நீர் விழும் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூலையில் விழும் அந்த ஒரு தாரைதான் தொட்டி முழுவதையும் மறுபடி சூடாக்க வேண்டும். வெளியே மூன்று நான்கு டிகிரிக் குளிர்.

அடுத்து இன்னொருவர் வந்தார். கையை விட்டுப் பார்த்து, “நுருய்” என்றார். வெதுவெதுப்பு என்று அர்த்தம். எனக்கு அந்த அளவு ஜப்பானியம் தெரியும். மன்னிப்புக் கேட்கவும் தெரியும். அலுவலகத்தில் நாளைக்கு இருபது தடவை சொல்கிற வார்த்தை அது. முதலாமவர் அவரிடம் ஏதோ சொல்லி, தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார். நான் மொழி தெரியாத வெளிநாட்டுக்காரன் போல முகத்தை வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். சட்டைப் பையில் ஐந்நூறு யென் நாணயம் ஒன்று இருந்தது. பெட்டிக்கு முன்னால் நின்று அதை எடுத்துப் போடுவதற்குள் அவர்கள் கதவைத் திறந்து கூப்பிட்டுவிடுவார்களோ என்று பயந்தேன். நடந்துவிட்டேன்.

காலைச் சாப்பாட்டின்போது விடுதிக்கார அம்மா நொசாவானா ஊறுகாய் கொண்டுவந்து வைத்தார். அந்த ஊர்க் கீரை அது. 1756-இல் உள்ளூர் மடத்துப் பிக்கு ஒருவர் கொண்டுவந்த விதையிலிருந்து வந்தது என்பார்கள். அறுவடைக் காலம் என்பதால், குளிப்பவர் இல்லாத நேரம் பார்த்துக் குளியலறைத் தொட்டிகளிலேயே கீரையைக் கழுவுவோம் என்றார். இந்தக் குளியலறைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டேன். நகராட்சி என்று சொல்வார் என நினைத்தேன்.

யுநகாமா என்றார். வெந்நீர்ப் பங்காளிகள் என்று சொல்லலாம். ஒவ்வொரு குளியலறையையும் சுற்றியுள்ள வீடுகள் சேர்ந்து ஒரு கூட்டு. மின்சாரம், தண்ணீர் செலவைப் பங்கு போட்டுக் கட்டுகிறார்கள். முறை வைத்துத் தினமும் கழுவுகிறார்கள், தலைமுறை தலைமுறையாக. “இந்த வாரம் எங்கள் முறை. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் இவர்தான் தேய்த்துக் கழுவிவிட்டு வந்தார்” என்று கணவரைக் காட்டினார். பல வீடுகளில் குளியல் தொட்டியே வைத்துக்கொள்ளாமல் இருந்தார்களாம், இதுதான் குளியலறை என்பதால். நான் விளாவியது அவர்கள் வீட்டு அண்டா.

பிறகு என்னிடம், “காலையில் போனீர்களே, ரொம்பச் சூடாக இருந்திருக்குமே?” என்று கேட்டார்.

சொல்லியிருக்கலாம். அதைவிட நல்ல இடம் கிடைக்காது. நான் சொன்னது: “ஆமாம், சூடுதான். ஆனால் பிடித்திருந்தது.” அந்த அம்மா மகிழ்ந்து போனார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இறங்குவதே இல்லை, நீங்கள் கெட்டிக்காரர் என்று சொல்லி, சமையலறையில் இருந்த கணவரையும் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் வந்து தலையாட்டிவிட்டுப் போனார். ஊறுகாய் இன்னொரு கிண்ணம் வந்தது. சாப்பிட்டேன்.

நான் ஏன் அப்படி நடந்தேன் என்று பல நாள் யோசித்திருக்கிறேன். கூச்சம், தீபாவளி, அம்மா நினைவு, மொழி என்று காரணங்களை அடுக்கிப் பார்த்திருக்கிறேன். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் உண்மை. அடியில் இருந்தது இது: கட்டணம் இல்லாததால் அதற்குச் சொந்தக்காரர் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். நூறு ரூபாய் டிக்கெட் வாங்கி நுழைந்திருந்தால் விதி என்ன என்று தேடிப் படித்திருப்பேன். இலவசம் என்பதால் படிக்கவில்லை. சுவரில் எழுதி ஒட்டியிருந்த தாளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதை நான் அறியாதவனும் அல்ல. என் தாத்தா சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்க் கிராமத்துக்காரர். மடை திறப்பதற்கு முறை உண்டு, நீர்பாய்ச்சி உண்டு, கோடையில் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போய்க் கரை போட வேண்டும். குடிமராமத்து என்பார்கள். முறை தப்பி ராத்திரியில் மடையைத் திறந்துவிட்டவன் பேரைத் தாத்தா முப்பது வருஷம் கழித்தும் சொல்லமாட்டார். ‘அந்த ஆள்’ என்பார். அவரை அந்தக் குளியலறைக்கு அழைத்துப் போயிருந்தால், ஜப்பானியம் ஒரு எழுத்துத் தெரியாமலேயே ஹோஸைத் தொடுமுன் யாரையாவது தேடிப் போய்க் கேட்டிருப்பார்.

ஊர் திரும்பிய பின் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். யுநகாமா பற்றி விவரமாகவே எழுதினேன், மரியாதையோடும் எழுதினேன். அந்தக் காலைக்கு வந்தபோது கை நின்றது. அதை விட்டுவிட்டால் கட்டுரையில் நான் குளிக்கவே இல்லை என்றாகிறது. உள்ளதை எழுதினால் என் மரியாதை போகிறது. விடுதிக்கார அம்மாவிடம் சொன்ன பொய் தயாராக இருந்தது. அதையே கொஞ்சம் நீட்டினேன். என்னால் குளிரில் காத்துக் கிடந்த அந்த இரண்டு பெரியவர்களையும் என் பக்கத்தில் தண்ணீரில் உட்காரவைத்தேன். செய்ததிலெல்லாம் இதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது.

போன மாதம் ஓர் இளைஞர் மின்னஞ்சல் அனுப்பினார். பழைய கட்டுரையை எங்கோ படித்துவிட்டு நொசாவாவுக்குப் போய்வந்திருக்கிறார். சூடு தாங்காமல் தொட்டியோரம் நின்றாராம். உள்ளே இருந்த பெரியவரிடம் குழாயைக் காட்டிக் கைச்சாடையால் கேட்டாராம். அவர் சிரித்துக்கொண்டே தானே குழாயைத் திறந்து, ஹோஸை இவர் இறங்கும் ஓரமாகப் பிடித்து, போதுமா என்று கேட்டு மூடினாராம். வெளியே வந்து பெட்டியில் நூறு யென் போட்டாராம். கடிதத்தின் கடைசியில், “உங்களைப் போல என்னால் பொறுக்க முடியவில்லை சார், வெட்கமாக இருந்தது” என்று எழுதியிருந்தார்.

அன்றே பதில் போட்டேன். பழகினால் வந்துவிடும், வருத்தப்படாதீர்கள் என்று எழுதினேன். அனுப்பிய பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது. நான்கு நாள் தூக்கம் வரவில்லை.

அந்தத் தம்பி இதைப் படிப்பார் என்று நம்புகிறேன். தம்பி, உங்களுக்கு நான் எழுதிய பதிலைக் கிழித்துப் போடுங்கள். நீங்கள் கேட்டீர்கள். நான் கேட்கவில்லை.