இரண்டேகால் வோல்ட் எங்கே போனது?

ஹெரால்டு காரின் பானெட்டைத் திறப்பதே பார்க்க வேண்டிய காட்சி. மட்கார்டு, கிரில், ஹெட்லைட் என்று காரின் முன்பாதி முழுக்க ஒரே துண்டாக முன்னால் சாய்கிறது. எஞ்சினைச் சுற்றி நின்று வேலை பார்க்கலாம், டயர்மேல் உட்கார்ந்தும் பார்க்கலாம். மெக்கானிக்குகள் கொண்டாடும் இந்த வசதி எலக்ட்ரீஷியனுக்குத் தலைவலி. பானெட் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் விளக்குக்குப் போகும் வயர்களும் வளைந்து நிமிர்கின்றன.

சென்னை புதுப்பேட்டையில், பழைய உதிரி பாகக் கடைகளைத் தாண்டி உள்ளடங்கியிருக்கும் ஓர் ஆட்டோ எலக்ட்ரிகல் பட்டறையில்தான் அந்த வெளிர்நீல ஹெரால்டு நின்றது. கோவென்ட்ரியில் இருந்த ஸ்டாண்டர்டு ட்ரையம்ஃப் நிறுவனத்துக்காக இத்தாலிய வடிவமைப்பாளர் ஜியோவான்னி மிக்கெலோட்டி வரைந்த கார் அது. பிரிட்டனில் 1959-ல் வெளிவந்தது. 1961 முதல் வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் அதைத் தயாரித்தது. பிறகு இந்தியக் குடும்பங்களுக்காகவே நான்கு கதவு வைத்த ஹெரால்டும் அங்கே உருவானது. ஆக, இது சென்னைக்காரக் கார். சொந்த ஊரிலேயே மருத்துவம் பார்த்துக்கொள்கிறது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், கார் அவருடைய அப்பா வாங்கியது. இடது ஹெட்லைட் மங்கல். பல்பை மாற்றினார், மங்கல்தான். ரிஃப்ளெக்டரை மாற்றினார், அப்போதும் மங்கல்தான். பிரேக்கை மிதித்தால் பின்னால் வலது விளக்கு பிரகாசிப்பதற்குப் பதிலாகச் சோர்ந்து எரிகிறது. மொத்த வயரிங்கையும் பிடுங்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லி யாரோ யோசனை கூறியிருக்கிறார்கள்.

"பிடுங்கறது ஒரு நாள் வேலை சார். எதுக்குப் பிடுங்கறோம்னு மொதல்ல தெரியணும் இல்லையா" என்றார் எலக்ட்ரீஷியன். வயது அறுபதைத் தாண்டியவர். ஜி.பி. ரோட்டில் எடுபிடியாகச் சேர்ந்து தொழில் கற்றவர்.

அவர் முதலில் பார்த்தது விளக்கை அல்ல, பேட்டரியை. எந்த முனை பாடியோடு சேர்ந்திருக்கிறது? இன்றைய கார்களில் நெகட்டிவ் முனைதான் பாடியில் இணையும். மாரிஸ் மைனர் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களிலோ பாசிட்டிவ் முனை பாடிக்குப் போகும். சாதாரண பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆனால் இது தெரியாமல் எல்.இ.டி. விளக்கோ ரேடியோவோ மாட்டினால் அதோடு சரி. இந்த ஹெரால்டில் நெகட்டிவ்தான் எர்த். அதை உறுதி செய்துகொண்ட பிறகே மல்ட்டிமீட்டரைக் கையில் எடுத்தார்.

கற்றுக்கொள்ள வந்திருந்த பையன் அதற்குள் ஹோல்டரைக் கழற்றி மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "அண்ணே, கரெக்டா பன்னெண்டரை காட்டுது" என்றான். பல்பு இல்லாமல் அளந்தால் அப்படித்தான் காட்டும். மீட்டர் உறிஞ்சும் மின்னோட்டம் மிகச் சிறியது, துருவேறிய இணைப்பு வழியாகவும் அது சிரமமில்லாமல் வந்துவிடும். 45 வாட் பல்பு கிட்டத்தட்ட 4 ஆம்பியர் கேட்கும்போதுதான் துரு தன் வேலையைக் காட்டும். பாதி அடைபட்ட தண்ணீர்க் குழாயும் இப்படித்தான்: வாயைக் கையால் பொத்தினால் அழுத்தம் முழுசாகத் தெரியும், கையை எடுத்தால் நூலாக ஒழுகும். அதனால் அவர் பல்பை மாட்டி, எரியவிட்டு அளக்கச் சொன்னார்.

பேட்டரி முனைகளில் 12.2 வோல்ட். எரிந்துகொண்டிருந்த பல்பின் முனைகளில் 9.9. இடையில் 2.3 வோல்ட் காணாமல் போயிருந்தது.

எண்ணைப் பார்த்தால் ஐந்தில் ஒரு பங்குதானே குறைகிறது என்று தோன்றும். இழை பல்பின் வெளிச்சம் வோல்டேஜோடு அதே அளவில் குறைவதில்லை, அதைவிட மிக வேகமாக விழுந்துவிடும். வோல்டேஜ் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பாதிதான் மிஞ்சும். ஈ.சி.ஆரில் இரவில் எதிரே மாடு நிற்பது தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் அந்தப் பாதி போதும்.

தொலைந்த வோல்ட்டைத் தேடும் முறைதான் இந்தத் தொழிலின் உயிர். மீட்டரின் ஒரு கம்பியை பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலும், மறு கம்பியைப் பல்புக்குக் கரண்ட் நுழையும் இடத்திலும் வைத்தார்: 0.8 வோல்ட். அடுத்து, பல்பின் எர்த் பக்கத்துக்கும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் இடையே வைத்தார்: 1.5. இரண்டையும் கூட்டினால் கணக்கு நேராகிறது. பெரிய இழப்பு கரண்ட் வரும் வழியில் இல்லை, திரும்பிப் போகும் வழியில். காருக்குப் பெயின்ட் அடித்தபோது, கறுப்பு எர்த் வயர் உட்காரும் திருகின் அடியிலும் பெயின்ட் ஏறியிருந்தது. திருகைக் கழற்றி, உப்புத்தாளால் இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து, பல் வைத்த வாஷர் போட்டு இறுக்கி, மேலே வாசலின் பூசினான் பையன். 1.5 என்றிருந்த இழப்பு 0.1 ஆனது.

மிச்சமிருந்த 0.8 வோல்ட்டுக்கு வயர்களை நிறம் பார்த்துப் பின்தொடர்ந்தார்கள். பிரிட்டனின் லூகாஸ் நிறுவனம் பரப்பிய நிறக் கணக்கு இன்றைக்கும் இங்கே மனப்பாடப் பாடம். பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வருவது. நீலத்தில் வெள்ளைக் கோடு பிரைட், நீலத்தில் சிவப்புக் கோடு டிம். சிவப்பு, பார்க் லைட்டும் டெயில் லைட்டும். பச்சையில் சிவப்பு இடது இண்டிகேட்டர், பச்சையில் வெள்ளை வலது. லூகாஸும் டி.வி.எஸ். குழுமமும் சேர்ந்து 1961-ல் தொடங்கிய லூகாஸ் டி.வி.எஸ். ஆலை சென்னைப் பாடியில்தான் இருக்கிறது. அறுபது வருட வெயிலில் எல்லா வயரும் ஒரே மண்நிறமாகிவிடுவதுதான் சிக்கல். பெரியவர் டேப் சுற்றிய பகுதியை இரண்டு அங்குலம் பிரிக்கச் சொன்னார். வெளிச்சம் படாத இடத்தில் நீலமும் சிவப்பும் அப்படியே இருந்தன.

பானெட்டின் மடிப்புக்கு அருகே புல்லட் கனெக்டர்கள் வரிசையாக நின்றன. ரவை வடிவப் பித்தளை முனைகளை ரப்பர் உறைக்குள் செருகும் பழைய இணைப்பு இது. உள்ளே பச்சைக் களிம்பு. விரலால் தொட்டால் சுட்டது. சூடாகும் இணைப்பு வோல்ட்டைத் தின்கிறது என்று பொருள். கையை வைத்தே பழுதைக் கண்டுபிடிக்கும் அந்த நொடியை நான் நெடுநேரம் வியந்துகொண்டிருந்தேன். மீட்டர் வருவதற்கு முன்பு இந்தத் தொழில் எப்படி நடந்தது என்பதற்கு அது விடை.

பின்விளக்கின் கதை இதைவிடச் சுவையானது. ஒரே பல்புக்குள் இரண்டு இழைகள்: டெயில் லைட்டுக்கு 5 வாட், பிரேக்குக்கு 21 வாட். இரண்டுக்கும் எர்த் ஒன்றுதான். அந்த எர்த் விட்டுப்போனால், பிரேக்கை மிதிக்கும்போது 21 வாட் இழை வழியாக வரும் கரண்ட் பாடிக்குப் போக முடியாமல், பக்கத்து 5 வாட் இழைக்குள் தலைகீழாகப் புகுந்து, டெயில் லைட் வயரைப் பிடித்துக்கொண்டு, இடது பக்க விளக்கு வழியாகவும் நம்பர் பிளேட் விளக்கு வழியாகவும் பாடிக்கு இறங்குகிறது. பார்ப்பவருக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். பெரியவர் ஒரு நீள வயரின் ஒரு நுனியை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, மறு நுனியை விளக்கின் உலோக உடம்பில் வைத்தார். பையன் பிரேக்கை மிதித்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பழுது எங்கே என்று தெரிந்துவிட்டது, எதையும் வாங்க வேண்டியதில்லை.

பக்கத்தில் நின்ற அம்பாசிடரில் நோய் வேறு. இரவில் கண் கூசும் வெளிச்சம் வேண்டுமென்று 100/90 வாட் ஹாலோஜன் மாட்டியிருந்தார்கள். பிரைட்டில் இரண்டு விளக்கும் சேர்ந்து 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அவ்வளவும் டாஷ்போர்டு ஸ்விட்ச் வழியாகவும், இடது காலால் மிதிக்கும் டிப்பர் ஸ்விட்ச் வழியாகவும் போக வேண்டும். 45 வாட் காலத்து ஸ்விட்ச் அது. போதாததற்கு மழைக்காலச் செருப்பு ஈரம் முழுக்க அதன் தலையில். ஸ்விட்சின் பேக்கலைட் கருகியிருந்தது. அந்தக் காலத்து பல கார்களில் ஹெட்லைட்டுக்கு ஃபியூஸ் கிடையாது என்பதால், வயர் உருகும்வரை தடுக்க யாரும் இல்லை. பெரியவர் சாதாரண வாட் பல்புக்குத் திரும்பச் சொல்லி, பேட்டரி அருகே இரண்டு ரிலேயும் ஃபியூஸும் வைத்துக்கொடுத்தார். இனி ஸ்விட்ச் சுமப்பது ரிலேயை இயக்கும் சிறு கரண்டை மட்டும்தான்.

அதே காரில் ஹாரன் பக்கம் ஃபியூஸ் போட்டால் போட்டபடி எரிந்தது. ஃபியூஸ் இருக்கும் இடத்தில் 21 வாட் பல்பு ஒன்றைப் பொருத்தினார். ஷார்ட் இருக்கும்வரை பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாததால் வயருக்கு ஆபத்தில்லை. ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டே போக, ஸ்டீயரிங் அடியில் ஒன்றைக் கழற்றியதும் பல்பு அணைந்தது. அங்கேதான் வயர் உரசித் தோல் போயிருந்தது.

இந்தப் பட்டறையில் பில் போடும்போது மட்டும் எனக்கு மனம் ஒப்பவில்லை. புது பல்பு, புது ஸ்விட்ச் என்றால் வாடிக்கையாளர்கள் பேசாமல் பணம் எடுக்கிறார்கள். ஒரு வாஷரும் கொஞ்சம் உப்புத்தாளும் செலவாகி, மீதி முழுக்கத் தேடலாக இருந்தால், இதற்கா இவ்வளவு என்கிறார்கள். தேவையில்லாத பாகத்தை விற்காமல் விட்டதற்குத்தான் அந்தக் கூலி. புதிய கார்களில் ஸ்கேனரைச் செருகினால் பழுதின் எண் வந்துவிடுகிறது என்பதால், பையன்கள் அந்தப் பக்கம் போகிறார்கள். போகட்டும், அங்கே சம்பளம் நிலையானது. ஆனால் எரியவிட்டு அளக்கும் இந்தப் பழக்கத்தை அங்கேயும் கொண்டுபோனால் அந்தக் கார்களுக்கும் நல்லது. அவற்றிலும் துருவேறிய எர்த் உண்டு.

ஹெரால்டின் உரிமையாளர் கேட்ட தொகையைக் கொடுத்தார். பின்விளக்கின் ரப்பர் கேஸ்கெட் வெடித்திருப்பதை அவருக்குக் காட்டிய பெரியவர், ஐப்பசி மழைக்கு முன் அதை மாற்றிக்கொள்ளும்படி சொன்னார். டைனமோ பிரஷ் தேய்ந்திருப்பதால் சிக்னலில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது விளக்கு கொஞ்சம் இறங்கும், பயப்பட வேண்டாம், பிரஷ் கிடைத்ததும் கூப்பிடுகிறேன் என்றார்.