சிலுவைக்குக் கீழே எண்ணூர்

2018 மே 12, சனிக்கிழமை. அமாவாசைக்கு இன்னும் மூன்று நாள். பழவேற்காட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, படகேறி பசியாவரம் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. பையில் ஒரு பைனாகுலர், ஒரு பாய், சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டார்ச். சென்னையில் நான் வேலை பார்த்த ஆபீஸ் மொட்டை மாடியில் நின்று எண்ணினால் முப்பது நட்சத்திரம் தேறாது. இங்கே அறுபது கிலோமீட்டர் வடக்கே வந்தால் தென் சிலுவையைப் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போட்டு வந்திருந்தேன்.

கணக்கு சுலபம். பழவேற்காடு கிட்டத்தட்ட பதிமூன்றரை டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அதனால் துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்துக்கு மேலே அதே பதிமூன்றரை டிகிரியில் நிற்கும். கையை நேராக நீட்டி முஷ்டி பிடித்தால் பத்து டிகிரி. அதற்கு மேல் இரண்டு விரல் வைத்தால் போதும். மே நடுவில் இரவு ஒன்பது மணிக்கு நேர் தெற்கே திரும்பினால், சிலுவையின் அடி நட்சத்திரமும் ஏறக்குறைய அதே பதிமூன்று டிகிரியில் நிற்கும். ஒரே ராத்திரியில் ஒரே இடத்தில் நின்று இரண்டையும் பார்க்கலாம். டெல்லிக்காரனுக்கும் சிட்னிக்காரனுக்கும் இது கிடைக்காது.

காலமும் தோதாக இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கிழக்கே மணல்திட்டுக்கு அப்பால் கடல் இருட்டாகவே கிடந்தது.

முன்பு பறவை பார்க்க வந்தபோது பழக்கமான படகுக்கார அண்ணன் வீட்டு வாசலுக்கு எதிரே பாய் விரித்தேன். அவரும் பீடியோடு வந்து உட்கார்ந்தார்.

“இன்னா சார், அங்க இன்னா தெரியுது?”

வடக்கே உயரத்தில் சப்தரிஷி மண்டலத்தைக் காட்டினேன். அதன் வாலில் நடு நட்சத்திரம் வசிஷ்டர், ஒட்டினாற்போல் மங்கலாக அருந்ததி. சங்கப் பாடல்களில் அவளுக்கு வடமீன் என்று பேர். வாலின் வளைவை அப்படியே நீட்டினால் ஆரஞ்சு நிறத்தில் சுவாதி. இன்னும் நீட்டினால் வெளிர்நீலத்தில் சித்திரை. கிழக்கே பாதி வானம் ஏறியிருந்த வியாழனுக்கு பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்தேன். “பக்கத்துல பொடிப்பொடியா இருக்கே” என்றார். கலிலியோ 1610-இல் பார்த்த அதே நிலவுகள்.

தென்கிழக்கே விருச்சிகம் ஏறிக்கொண்டிருந்தது. நடுவில் சிவப்பாகக் கேட்டை. “இது தேள்ணா. பதினோரு மணிக்கு வால் முழுசாத் தெரியும்” என்றேன்.

“தேளா? தூண்டில் முள்ளு மாதிரி வளைஞ்சுதானே வரும்?”

ஹவாய்த் தீவுக்காரர்களும் அதை மாவி என்ற வீரனின் தூண்டில் முள் என்றுதான் சொல்கிறார்கள். சொன்னேன். “பாத்தியா!” என்று தொடையைத் தட்டிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தெற்கே திரும்பினேன். அங்கே இருட்டே இல்லை. அடிவானத்திலிருந்து இரண்டு முஷ்டி உயரத்துக்கு அழுக்கு மஞ்சள். இருபது கிலோமீட்டருக்குள் காட்டுப்பள்ளி, எண்ணூர். துறைமுகங்கள், அனல்மின் நிலையம், அதற்குப் பின்னால் சென்னை மொத்தமும். கண்ணை இடுக்கிப் பார்த்ததில் சிலுவையின் மூன்று நட்சத்திரம் தேறியது. நான்காவது, நாலிலும் மங்கலானது, வரவே இல்லை.

இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இதே கரையில் நின்றவனுக்குச் சிலுவை இன்னும் பத்து டிகிரிக்கு மேல் உயரத்தில் தெரிந்திருக்கும். பூமியின் அச்சு பம்பரம் போல மெதுவாகத் தலையாட்டுவதால் அது தெற்கே சரிந்துவிட்டது. அவ்வளவு மெதுவாக நடந்த சரிவு. மிச்சமிருந்ததை மூட எங்களுக்கு ஒரு தலைமுறை போதுமாக இருந்திருக்கிறது.

“இந்த வெளிச்சம் மட்டும் இல்லன்னா...” என்றேன்.

“அது எண்ணூர் வெளிச்சம். கடல்லேர்ந்து வர்றப்ப அதப் பாத்துதான் திசை புடிப்போம். எங்கப்பா நட்சத்திரம் பாத்தாரு. எனக்கு அது.”

பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த நேரத்தில் ஊரே அணைந்தது. கரண்ட் கட். தலைக்கு மேலே சட்டென்று ஆழம் கூடியது.

“ஆஹா, சூப்பர்!” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

வாசற்படியில் அண்ணனின் தங்கை கைக்குழந்தையோடு வந்து உட்கார்ந்து அட்டையால் விசிறிக்கொண்டிருந்தார். மே மாதப் புழுக்கம். குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் என்னைப் பார்க்காமலே சொன்னார்:

“உங்களுக்கு ஒரு ராத்திரி நல்லாருக்கும் சார். இவன் பொறக்கறப்ப எனக்கு வலி வந்துச்சே, அப்பவும் இதே மாதிரிதான் கும்மிருட்டு. படகு கெடச்சு அக்கரைக்குப் போறதுக்குள்ள உசுரு போய் வந்துச்சு.”

மன்னிப்பு கேட்கலாமா என்று யோசித்தேன், கேட்கவில்லை. நான் பஸ் பிடித்துத் தேடி வந்த இருட்டு, இவர்களுக்கு யாரும் செய்து தராத ஒன்றின் மிச்சம். வடக்கே துருவ நட்சத்திரம் நின்ற திசையில்தான் ஸ்ரீஹரிகோட்டா. ராக்கெட் விடும் நாளில் கடலுக்குப் போகாதே என்று இவர்களுக்குச் சொல்வார்கள். ராத்திரியில் அக்கரைக்குப் போக ஒரு படகு நிச்சயம் என்று யாரும் சொல்லவில்லை.

அரைமணி நேரத்தில் கரண்ட் வந்தது. தெருவிளக்கு கண்ணைக் கூசியது. ஆனால் படகுத்துறைக் கம்பத்தில் இருந்த விளக்கு மட்டும் கூசவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். பெயிண்ட் டப்பாவை வெட்டி, குல்லா போல விளக்குக்கு மேல் மாட்டிக் கம்பியால் கட்டியிருந்தார்கள். வெளிச்சம் படியிலும் தண்ணீர் ஓரத்திலும் மட்டும் வட்டமாக விழுந்தது.

“இது யாருண்ணா கட்டினது?”

“நாங்கதான். வெறும் லைட்டு எரிஞ்சா வர்ற படகுக்காரன் கண்ண அடிச்சிடும், படி தெரியாது.”

உலகம் முழுக்க இருண்ட வானத்துக்காகப் போராடுகிறவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்: விளக்கை அணைக்க வேண்டாம், மூடி போடுங்கள், கீழே பார்க்க வையுங்கள், தேவையான அளவு எரியட்டும். நான் அதையெல்லாம் இங்கிலீஷ் பி.டி.எஃப்களில் படித்துவிட்டு, இவர்களிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்தபடி வந்திருந்தேன். மூடி தேவைப்படுவது இருபது கிலோமீட்டர் தெற்கே. அங்கே கம்பியும் பெயிண்ட் டப்பாவும் எடுத்துக்கொண்டு யார் ஏறுவது?

அந்த விளக்கின் வட்டத்துக்கு வெளியே, படகின் மறைவில் போய் நின்றேன். எண்ணூர் வெளிச்சம் அப்படியேதான் இருந்தது. பைனாகுலரைத் தெற்கே பிடித்தேன். அடிவானத்துக்குக் கொஞ்சம் மேலே, புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போல, நான்காவது நட்சத்திரம்.

அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் பார்த்தார். பிறகு பைனாகுலரைத் தங்கையிடம் கொடுத்தார். அவர் குழந்தையை என் கையில் தந்துவிட்டு, வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.