ஓர் எட்டு உள்ளே

எங்கள் குட்டி யானை சாய்ந்து நிற்பதை முதலில் கவனித்தது அம்மாதான். தாராவி 90 அடிச் சாலை ஓரத்தில் வெறும் வண்டியாக நின்றிருந்தது. "ஒரு தோளைத் தாழ்த்திட்டு நிக்குதே, பாருடா" என்றாள்.

2005இல் வந்த டாடா ஏஸுக்கு ஊரில் குட்டி யானை என்று பெயர், மும்பையில் சோட்டா ஹாத்தி. ஏறக்குறைய முக்கால் டன் சுமக்கும். எங்கள் வண்டிக்குக் கல்யாணப் பாத்திரச் சுமை. அண்டா, இட்லிக் கொப்பரை, அடுப்பு, சிலிண்டர், பெஞ்சு எல்லாம் மாட்டுங்கா மண்டபங்களுக்கும் செம்பூர் வீடுகளுக்கும் போய் வரும்.

செம்பூரில் ஸ்பிரிங் வேலை பார்க்கிற அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். "இடப்பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டை கூடப் போட்டுடுங்க அண்ணாச்சி, நிமிர்ந்துடும்."

அவர் பதில் சொல்லவில்லை. நாலு டயரிலும் காற்றைச் சரிபார்த்தார். வண்டியைச் சமமான சிமெண்ட் தரைக்கு நகர்த்தினார். சக்கரத்தின் நடுவிலிருந்து நேர் மேலே தொட்டியின் அடி விளிம்பு வரை டேப் பிடித்தார். இடப்பக்கம் ஒன்றரை அங்குலம் குறைவு.

யூ போல்ட்டைக் கழற்றிப் பட்டைகளைப் பிரித்தபோது இடையிலிருந்து சீயக்காய்த்தூள் போலத் துரு கொட்டியது. மேலே மெயின் பட்டை. அதன் இரு முனையும் சுருண்டு வண்டியைப் பிடித்திருக்கும். கீழே ஒன்றைவிட ஒன்று குட்டையாக மற்றவை. சுமை ஏறினால் வில் போன்ற வளைவு நிமிரும், இறக்கினால் திரும்பும். எங்கள் இடப்பக்கப் பட்டைக் கட்டு திரும்புவதையே மறந்திருந்தது. இரண்டாவது பட்டையில், சென்டர் போல்ட் துளையின் ஓரத்தில், தலைமுடி அளவு விரிசல்.

"பட்டை கூட்டினா உயரம் ஏறும் தம்பி, பலம் ஏறாது" என்றார். அச்சும் டயரும் பிரேக்கும் பழையவைதானே. ஒரு பக்கத்தை மட்டும் விறைப்பாக்கினால் பள்ளத்தில் வண்டி கோணலாகத் தூக்கிப் போடும். தாழ்வது வண்டி நம்மிடம் சொல்கிற சேதி. நான் கேட்ட அந்த ஒற்றைப் பட்டை, விரிசலை உள்ளே வைத்தே வண்டியின் வாயை அடைத்திருக்கும்.

பிறகு கேட்டார்: "எந்தப் பக்கமா ஏத்துறீங்க?"

அப்போதுதான் உறைத்தது. எங்கள் சந்தில் நடைபாதை இடப்பக்கம். அந்தப் பக்கக் கதவைத் திறந்து, கனமானதைத் தூக்கி வைத்த இடத்திலேயே விட்டுவிடுவோம். வலப்பக்கம் பெஞ்சுகள். எத்தனையோ முகூர்த்தங்களாக இதே வழக்கம்.

இரண்டு பக்கமும் புதுக் கட்டு போட்டார். நாலு நாள் ஓட்டியபின் யூ போல்ட்டை மறுபடி முடுக்க வரச் சொன்னார். பின்பக்கம் சற்றுத் தூக்கலாக இருந்ததைக் காட்டினேன். "சும்மா நிக்கும்போது அப்படித்தான் இருக்கும். மட்டத்தைச் சுமையோட பாரு" என்றார்.

மறுநாள் மாட்டுங்காவில் ஒரு கல்யாணம். பையன்கள் பெரிய அண்டாவைத் தூக்கி வைத்தார்கள். நானும் ஏறி, அதை ஓர் எட்டு உள்ளே தள்ளி நடுவில் நிறுத்தினேன். எல்லாம் ஏற்றி முடித்ததும் டேப் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

இத்தனை வருஷம் நாங்கள் மிச்சம் பிடித்த அந்த ஓர் எட்டைத்தான் இடப்பக்கப் பட்டைகள் எங்களுக்காக நடந்திருக்கின்றன.