பேர்ச் விலையும் குமருக்கு வீடும்

குச்சவெளி, இறக்கக்கண்டி, புல்மோட்டை உறவுகளே, பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

ஒரு காலத்தில் இந்தக் கரையில் மாதச் சம்பளம் என்றால் புல்மோட்டை கனிய மணல்தான். 1957இல் தொடங்கிய கூட்டுத்தாபனம். 1997 செப்டம்பரில் மணல் ஏற்ற வந்த கப்பல் தாக்கப்பட்டதோடு அந்த வேலையும் படுத்துக்கொண்டது. யான் ஓயாவைப் பாதையில் கடந்து திருகோணமலை போன நாட்கள் அவை. காணியைச் சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை.

2009க்குப் பிறகு பாலங்கள் வந்தன, ரோட்டு வந்தது. புறாமலை பார்க்க வந்தவர்கள் நிலாவெளியைத் தாண்டி எங்கள் பக்கமும் எட்டிப் பார்த்தார்கள். ஏக்கரில் பேசிய காணியை இப்போது பேர்ச்சில் பேசுகிறோம். ஏக்கருக்கு 160 பேர்ச் என்பதை எங்கள் பிள்ளைகள் கணக்குப் பாடத்தில் படிக்கவில்லை, தரகர்களிடம் படித்தார்கள்!

விலை ஏறியது சந்தோஷம்தான். ஆனால் நாங்கள் குமருக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடிக்கிற ஆட்கள். மூன்று குமர் உள்ள மீனவர், கடற்கரைத் துண்டை விற்று முதல் மகளுக்கு வீடு கட்டுகிறார். அடுத்த இருவருக்குக் காணி தேடும்போது விற்ற விலைக்கு ஊருக்குள் ஒரு மூலையும் கிடைப்பதில்லை.

அதைவிடச் சிக்கல் பேர்மிட் காணி. எங்களில் பலரிடம் உறுதி இல்லை, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேர்மிட்தான் இருக்கிறது. அதை நினைத்தபடி விற்க முடியாது. அட்டோர்னி எழுதிக் காசைக் கைமாற்றினால் வாங்கியவருக்கும் சட்டப்படி ஒன்றும் இல்லை. பின்னுரித்தாளரைப் பதியாமல் வாப்பா மௌத்தானால், கணவன் மனைவிக்குப் பிறகு அந்தச் சட்டம் ஆண்மக்களைத்தான் முதலில் பார்த்தது. 2022 திருத்தத்தில்தான் அது மாறியது. வீட்டில் மகள் இருப்பாள், கடதாசியில் மகன் இருப்பான். காணி மலிவாக இருந்தவரை எந்த மகனும் அதைத் தேடவில்லை. இப்போது தேடுகிறார்கள். பெருநாளைக்கும் பேசிக்கொள்ளாத சகோதரங்களை நாங்கள் பார்க்கிறோம்.

ஆகவே வாப்பாமாரே, வான் வந்து வாசலில் நின்றால் உடனே விலை சொல்லாதீர்கள். முதலில் பேர்மிட்டை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்துக் காணிப் பகுதிக்குப் போங்கள். பின்னுரித்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். மகளுக்கென்று சொன்ன காணி என்றால் மகளின் பெயரைப் பதியுங்கள். வாசிக்க, எழுத ஆள் தேவைப்பட்டால் பள்ளிக்கூடம் விட்ட பிறகு எங்களிடம் வாருங்கள்.